எளியோர்க்கும் எட்டிய கணிப்பொறி: ஜான் கெமனியின் வாழ்வும் பணியும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

புதியன கண்டுபிடித்தவர்களை உலகம் போற்றுகிறது. அது முறையே. ஆனால், கண்டுபிடித்ததைக் கடைசி வரிசையில் நிற்பவன் கைக்கும் எட்டும்படி செய்தவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கிணறு வெட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். கயிறும் வாளியும் கொண்டுவந்து வைத்தவன் பெயர் எவருக்கும் தெரியாது. தாகம் தீர இரண்டுமே வேண்டும். கணிப்பொறி என்னும் கிணற்றுக்குக் கயிறும் வாளியும் தந்த ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். அவர் பெயர் ஜான் கெமனி. கணிதப் பேராசிரியர், கல்லூரித் தலைவர், ‘பேசிக்’ என்னும் நிரல்மொழியைத் தாமஸ் கர்ட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து உருவாக்கியவர்.

1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் உலகெங்கும் வீடுகளுக்குள் புகுந்த சிறு கணிப்பொறிகளில் பெரும்பாலானவை பேசிக் மொழியைத்தான் பேசின. ஆயினும் அம்மொழி வீட்டுக் கணிப்பொறிகளுக்காகப் பிறந்ததன்று. ஒரு கல்லூரியின் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதிலும் குறிப்பாக, அறிவியல் படிக்காத மாணவர்களை மனத்தில் வைத்துப் பிறந்தது. இந்த ஒரு செய்திதான் கெமனியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

புலம்பெயர்ந்த சிறுவன்

ஜான் ஜார்ஜ் கெமனி 1926-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வணிகர். ஐரோப்பாவின் வானில் அப்போது கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. 1938-ஆம் ஆண்டு இட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், அடுத்து வரப்போவதைத் தந்தையார் உணர்ந்துகொண்டார். தாம் முதலில் தனியே அமெரிக்கா சென்று காலூன்றி, 1940-ஆம் ஆண்டு மனைவி மக்களை அங்கே வரவழைத்துக்கொண்டார். ஊரைவிட்டு வர மறுத்த பாட்டனாரும், நெருங்கிய உறவினர் இருவரும் பின்னர் நாஜிகளின் படுகொலைக்கு இரையாயினர்.

தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், நியூயார்க் நகரத்தின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அச்சிறுவர், மூன்றே ஆண்டுகளில் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். அங்கிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். கணிதமும் தத்துவமும் பாடங்கள்.

வேற்றுமொழியில் உயர்கல்வி கற்க நேர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். பொருள் புரியாமற் போவதற்கு அறிவுக்குறைவு மட்டுமே காரணமன்று. சொல்லப்படும் மொழியும் காரணமாகலாம். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்த நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் மொழியை மனிதனுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும் என்று பிற்காலத்தில் கெமனி பிடிவாதமாக நின்றதற்கு இந்த அனுபவமும் ஒரு வித்தாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

லாஸ் அலமாஸ் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், படிப்பின் இடையிலேயே கெமனி நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமாஸுக்கு அனுப்பப்பட்டார். அணுகுண்டு ஆக்கத்திற்கான கணக்கீட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. அவருடைய மேலதிகாரி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபெயின்மன்.

அங்கே இருந்தவை இன்று நாம் அறியும் கணிப்பொறிகள் அல்ல. துளையிட்ட அட்டைகளை விழுங்கித் துப்பும், ஐ.பி.எம். நிறுவனத்தின் கணக்குப்பதிவு இயந்திரங்கள் 17 இருந்தன. ஏறத்தாழ 20 பேர், மூன்று முறை மாற்றி, இரவும் பகலும் அட்டைகளை ஒரு பொறியிலிருந்து எடுத்து மற்றொன்றில் இட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டிற்கு எண்வழித் தீர்வு காண இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். மனிதன் இயந்திரத்திற்கு ஏவலாளாக நின்ற காலம் அது.

அவ்விடத்திலேயே, வருங்கால மின்னணுக் கணிப்பொறி எப்படி இருக்கும் என்று ஜான் வான் நாய்மன் விளக்கியதையும் கெமனி கேட்டார். அது அவருக்கு ஒரு கனவாகவே தோன்றியது. பல்லாண்டுகள் கழித்து அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். லாஸ் அலமாஸில் அத்தனை பேர் ஓராண்டு உழைத்துச் செய்த கணக்கீடுகளைத் தம் கல்லூரியின் இளங்கலை மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில், அதுவும் வேறு பலர் அதே கணிப்பொறியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, முடித்துவிட முடியும் என்று கண்டார். அந்த மாற்றத்தில் அவருடைய பங்கு பெரிது.

மாமேதைகளின் நிழலில்

போர் முடிந்து பிரின்ஸ்டனுக்குத் திரும்பிய கெமனி 1947-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். கணிதத் தருக்கத்தில் பெரும்புலவரான அலான்சோ சர்ச்சின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1949-ஆம் ஆண்டு, 23 வயதில், முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் பணிபுரிந்தார்.

இத்தகைய பெரியோர்களிடம் பழகியவர் எட்டாத உயரத்தில் ஏறி அமர்ந்துகொண்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கெமனி இறங்கி வந்தார். 1953-ஆம் ஆண்டு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்னும் சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் 27 வயதில் முழுப் பேராசிரியராகச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் கணிதத் துறைத் தலைவரானார். கணிதத்தைப் பிற துறை மாணவர்க்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஆர்வத்தில், லாரி ஸ்னெல், ஜெரால்டு தாம்சன் ஆகியோருடன் சேர்ந்து 1957-ஆம் ஆண்டு ‘முடிவுறு கணிதம்’ பற்றிய அறிமுக நூல் ஒன்றை எழுதினார். நிகழ்தகவு, அணிகள், கணங்கள் ஆகியவற்றைச் சமூகவியல், உயிரியல் மாணவர்க்கும் புரியும்படி சொன்ன நூல் அது. மார்க்கோவ் சங்கிலிகள் குறித்து ஸ்னெல்லோடு 1960-இல் அவர் எழுதிய நூலும் புகழ்பெற்றது.

தொடர்வண்டியில் சென்ற அட்டைகள்

1950-களின் நடுவில் டார்ட்மத்தில் கணிப்பொறி இல்லை. 135 மைல் தொலைவில், கேம்பிரிட்ஜ் நகரின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருந்த பொறியை அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். 1956-ஆம் ஆண்டு டார்ட்மத்தில் சேர்ந்த தாமஸ் கர்ட்ஸ், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு தொடர்வண்டியில் அங்கே சென்று வருவார். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் போதும். அந்தப் பயணமே வீண்.

கர்ட்ஸுக்கு அங்கே நேர்ந்த ஓர் அனுபவம் இருவருக்கும் கண்திறப்பாயிற்று. எந்திரத்துக்கு நெருக்கமான கடுமொழியில் ஒரு நிரலை அவர் பல மாதம் முயன்று எழுதினார். அது பொறியின் விலைமதிப்பற்ற நேரத்தில் ஒரு மணியளவு தின்றும் விடை வரவில்லை. அதையே ‘ஃபோர்ட்ரான்’ மொழியில் எழுதினார். ஏறத்தாழ ஐந்து நிமிடப் பொறி நேரத்தில் விடை கிடைத்தது. எளிய மொழி என்றால் பொறியின் நேரம் வீணாகும் என்று அந்நாளைய வல்லுநர் பலர் நம்பினர். உண்மை நேர்மாறாக இருந்தது. கடினமான கருவி மனிதனைப் பிழைசெய்ய வைக்கிறது; பிழைகள் பொறியின் நேரத்தையும் விழுங்குகின்றன.

1959-ஆம் ஆண்டு டார்ட்மத்துக்கு எல்.ஜி.பி.-30 என்னும் சிறிய கணிப்பொறி வந்தது. அதை மாணவர்களிடமே ஒப்படைத்தார்கள். இளங்கலை மாணவர்கள் அதற்கு மொழிபெயர்ப்பு நிரல்கள் எழுதிக் காட்டினார்கள். மாணவனை நம்பி வேலையைக் கொடுத்தால் அவன் செய்து முடிப்பான் என்ற உறுதி அன்றே கெமனிக்கு ஏற்பட்டது.

பேசிக் பிறந்த விடியற்காலை

டார்ட்மத் மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினரே அறிவியலும் பொறியியலும் படித்தார்கள். எஞ்சிய முக்கால் பங்கினர் வரலாறும் இலக்கியமும் பொருளியலும் பயின்றார்கள். நாளை அரசிலும் வணிகத்திலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்களே. கணிப்பொறியை அறியாதவர்கள் கணிப்பொறியைப் பற்றி எப்படிச் சரியான முடிவெடுப்பார்கள்? எனவே எல்லா மாணவரும் கணிப்பொறியைத் தொட்டுப் பழக வேண்டும் என்று கெமனியும் கர்ட்ஸும் தீர்மானித்தனர்.

இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த நாள்வரை காத்திருக்கும் முறை. மற்றொன்று, மொழியின் கடுமை. முதல் தடைக்கு ‘நேரப் பகிர்வு’ என்னும் முறை தீர்வாயிற்று. ஒரே பொறி தன் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் மாறி மாறி வழங்கும். ஒவ்வொருவருக்கும் பொறி தமக்கே உரியது போலத் தோன்றும். இந்த எண்ணத்தைக் கர்ட்ஸுக்கு எடுத்துச் சொன்னவர் எம்.ஐ.டி.யில் இருந்த ஜான் மெக்கார்த்தி. இரண்டாம் தடைக்குப் புதியதொரு மொழியே தீர்வென்று கெமனி கருதினார்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்கள். இளங்கலை மாணவரைக் கொண்டு இத்தனை பெரிய அமைப்பை உருவாக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தது. ஆயினும் நிதி கிடைத்தது. 1964-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜி.இ.-225 கணிப்பொறி வந்து சேர்ந்தது. பேசிக்கின் மொழிபெயர்ப்பு நிரலை, அதாவது ‘கம்பைலரை’, கெமனியே முந்தைய ஆண்டு எழுதத் தொடங்கியிருந்தார். நேரப் பகிர்வு அமைப்பை எழுதியவர்கள் நம் வயதொத்த மாணவர்கள்.

1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், விடியற்காலை நான்கு மணி. கெமனியும் ஒரு மாணவரும் இருவேறு தட்டச்சு முனையங்களில் அமர்ந்து ஒரே நேரத்தில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இரண்டு முனையங்களிலும் சரியான விடை வந்தது. பேசிக் பிறந்தது. தொடக்க நிலையினருக்கான, எல்லா நோக்கங்களுக்கும் பயன்படும் குறியீட்டுக் கட்டளைத் தொகுதி என்பது அப்பெயரின் விரிவு. பெயரிலேயே தொடக்க நிலையினருக்கு முதலிடம்!

எளிமையின் நுட்பம்

பேசிக் எத்தகைய மொழி என்று காட்ட ஒரு சிறு நிரல் தருகிறேன். ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் காண்பது நோக்கம்.

10 லெட் எஸ் = 0
20 ஃபார் ஐ = 1 டு 100
30 லெட் எஸ் = எஸ் + ஐ
40 நெக்ஸ்ட் ஐ
50 பிரிண்ட் எஸ்
60 எண்ட்

பின் ‘ரன்’ என்று தட்டினால் 5050 என்ற விடை வரும். ஆங்கிலம் அறிந்த எவரும் இதைப் படித்தே ஓரளவு பொருள் கொள்ளலாம். இதே வேலைக்கு ஃபோர்ட்ரானில் முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் வெவ்வேறு விதி. விடையை எந்த வடிவில் அச்சிடுவது என்று தனிக் கட்டளை. பேசிக்கில் எண் என்றால் எண், அவ்வளவே. அச்சிடும் வடிவத்தைப் பொறியே பார்த்துக்கொள்ளும். பிழை நேர்ந்தால், எந்த வரியில் என்ன பிழை என்பதைச் சாதாரணச் சொற்களில் தெரிவிக்கும்.

வரிகளின் முன்னுள்ள எண்களை இன்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அவற்றின் பயனை அறிந்தால் ஏளனம் செய்ய மாட்டார்கள். அந்நாளில் திரை கிடையாது. காகிதச் சுருளில் அச்சடிக்கும் தட்டச்சு முனையம்தான். 30-ஆம் வரியைத் திருத்த வேண்டுமானால் 30 என்று எண்ணிட்டுப் புதிய வரியைத் தட்டினால் போதும், பழையது நீங்கிவிடும். இடையில் ஒரு வரி சேர்க்க 25 என்று எண்ணிடலாம். எண்ணை மட்டும் தட்டினால் அவ்வரி அழிந்துவிடும். தனியாக ஒரு திருத்தும் கருவியைக் கற்க வேண்டிய வேலையே இல்லை. மொழி, திருத்தி, இயக்கும் முறை ஆகிய மூன்றும் ஒன்றாய் இணைந்த கருவி அது. ஒரு மணி நேர விளக்கங்கள் இரண்டு மூன்றைக் கேட்டாலே மாணவன் சொந்தமாக நிரல் எழுதத் தொடங்கிவிடலாம்.

திறந்த கதவு

மொழியினும் பெரிதாக நான் மதிப்பது கெமனி வகுத்த நடைமுறையை. கல்லூரி நூலகத்தில் மாணவன் தானே அலமாரிக்குச் சென்று வேண்டிய புத்தகத்தை எடுப்பது போலக் கணிப்பொறியும் திறந்திருக்க வேண்டும் என்றார். எதற்காகப் பயன்படுத்துகிறாய் என்று கேட்பதில்லை. கட்டணம் இல்லை. விளையாட்டு நிரல் எழுதினாலும் தடையில்லை. விளையாடுபவனும் கற்கிறான் என்பது அவர் கொள்கை. கணித வகுப்புகளில் நிரல் எழுதும் பயிற்சி சேர்க்கப்பட்டது; அவ்வகுப்புகளில் பிற துறை மாணவரும் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே டார்ட்மத் மாணவரில் பெரும்பாலோர் கணிப்பொறி அறிந்தவராயினர். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் தொலைபேசிக் கம்பி வழியாக முனையங்கள் சென்றன.

மொழியைப் பூட்டி வைத்துப் பொருளீட்டவும் அவ்விருவரும் முனையவில்லை. பிறர் தத்தம் பொறிகளுக்குப் பேசிக்கை அமைத்துக்கொள்ளத் தடையில்லாதிருந்தது. அதனால்தான் அது பரவியது.

வீடு புகுந்த மொழி

1975-ஆம் ஆண்டு ‘ஆல்டேர்’ என்னும் சிறு கணிப்பொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் இரு இளைஞர்கள் அதற்கொரு பேசிக் எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் சரக்கு அதுவே. 1977-இல் ஆப்பிள் இரண்டு, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்று பொறிகள் வந்தன. மூன்றிலும் பேசிக், நிலை நினைவகத்தில் பதிந்தே வந்தது. 1981-இல் பிரிட்டனில் பி.பி.சி. மைக்ரோ, 1982-இல் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64. இந்திய அரசு 1984-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திலும் பி.பி.சி. மைக்ரோ பொறிகளே இடம்பெற்றன. ஹனோவர் சிற்றூரில் பிறந்த மொழி இப்படி நம் நாட்டுப் பள்ளிக்கும் வந்தது.

அந்தப் பொறிகளை மின்சாரத்தில் இணைத்து விசையைத் தட்டினால் என்ன தோன்றும் தெரியுமா? கமடோர் 64-இன் திரையில், பேசிக் நிரலுக்கு 38,911 பைட்டுகள் இடமிருப்பதாக ஓர் அறிவிப்பும், கீழே ‘ரெடி’ என்ற சொல்லும் தோன்றும். அவ்வளவே. நீ எழுது, நான் செய்கிறேன் என்று பொறி காத்திருக்கும். ஸ்பெக்ட்ரம் பொறியின் ஒவ்வொரு விசைமேலும் பேசிக் கட்டளைச் சொற்களே அச்சிடப்பட்டிருந்தன. பெட்டியோடு வந்த கையேடு முதல் பக்கத்திலிருந்தே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது. இதழ்கள் பக்கம் பக்கமாக நிரல்களை அச்சிட்டன; வாசகர்கள் அவற்றை வரிவரியாகத் தட்டி, வேலை செய்யாதபோது பிழை தேடித் தேடியே கற்றுக்கொண்டார்கள். வகுப்பறை இல்லாமலே ஒரு தலைமுறை நிரல் எழுதப் பழகியது.

தந்தையின் மனக்குறை

பிள்ளை ஊரெங்கும் புகழ்பெற்றபோது தந்தை மகிழ்ந்தாரா? முழுமையாக மகிழவில்லை. வீட்டுக் கணிப்பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஆல்டேர் பேசிக்கின் மிகச் சிறிய வடிவம் 4,096 பைட்டுகள் கொண்ட நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. எனவே, நிரல் முழுவதையும் முன்கூட்டியே மொழிபெயர்க்கும் டார்ட்மத் முறையை விட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து இயக்கும் முறையைக் கையாண்டார்கள். வேகம் குறைந்தது. இடத்தை மிச்சப்படுத்தச் சொற்களுக்கிடையே இடைவெளியை நீக்குவதும், விளக்கக் குறிப்புகளை அழிப்பதும் வழக்கமாயிற்று. நிரலைப் பிறர் படித்துப் புரிந்துகொள்வது அரிதாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் கட்டளைகளை மாற்றியதால், ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடவில்லை. டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக் கற்ற மாணவருக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பது அரிது என்று 1975-இலேயே கடுமையாகச் சாடியிருந்தார்.

டார்ட்மத்தில் இருந்த பேசிக்கோ இதற்குள் நன்கு வளர்ந்து, ஒழுங்கான கட்டமைப்புள்ள நிரல்களை எழுத இடங்கொடுக்கும் மொழியாகியிருந்தது. அது வெளியுலகுக்குத் தெரியவில்லை. தெருவில் திரிந்த திரிபுகளே பேசிக் என்று உலகம் நினைத்தது. வருந்திய கெமனியும் கர்ட்ஸும் 1983-இல் ‘ட்ரூ பேசிக்’, அதாவது உண்மையான பேசிக், என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி, மெக்கின்டாஷ், அமிகா, அட்டாரி எஸ்.டி. எனப் பல பொறிகளிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பது அதன் குறிக்கோள். 1985-இல் பேசிக்கின் வரலாற்றையும் சீர்கேட்டையும் எதிர்காலத்தையும் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள்.

ட்ரூ பேசிக் பெரும் வெற்றி பெறவில்லை. பொறியோடு ஒரு பேசிக் சேர்ந்தே வரும்போது, தனியே காசு கொடுத்து மற்றொன்றை வாங்குவார் எத்தனை பேர்? இவ்விடத்தில் எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். கெமனியின் குறை நியாயமானதே. ஆயினும் அந்தக் குறைபட்ட பேசிக்குகள்தாம், கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளிலும் கணிப்பொறி அறிவைக் கொண்டு சேர்த்தன. பி.பி.சி. மைக்ரோவின் பேசிக் போல, சிறு பொறியிலும் செயல்முறைகளைப் பெயரிட்டுப் பிரித்து எழுத இடந்தந்த நல்ல வடிவங்களும் இருந்தன. கூழானாலும் பசித்தவனுக்கு அது உணவு.

தலைவராகவும் ஆசிரியர்

1970-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் கெமனி டார்ட்மத் கல்லூரியின் 13-ஆவது தலைவராகப் பொறுப்பேற்றார். 1769-இல் தொடங்கி ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த கல்லூரியில், 1972-ஆம் ஆண்டு பெண்களும் பட்டப்படிப்பில் சேர வழிசெய்தார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் கல்வி அக்கல்லூரியின் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் 200 ஆண்டுகளில் பட்டம் பெற்ற பழங்குடியினர் இருபதுக்கும் குறைவு. அந்தப் பழைய வாக்கை நிறைவேற்றப் பழங்குடி மாணவரை நாடிச் சேர்க்கத் தொடங்கினார். கணிப்பொறி அறைக் கதவைத் திறந்தவர் கல்லூரிக் கதவையும் அகலத் திறந்தார்.

இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் ஆண்டுதோறும் இரண்டு பாடங்களை வகுப்பில் நடத்திவந்தார். 1981-இல் பதவியை விட்டிறங்கியதும் முழுநேர ஆசிரியப் பணிக்கே திரும்பினார்.

மூன்று மைல் தீவு

1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதை ஆராய, குடியரசுத் தலைவர் கார்ட்டர் 12 பேர் கொண்ட குழு அமைத்துக் கெமனியைத் தலைவராக்கினார். அக்டோபரில் அறிக்கை வெளிவந்தது. கருவிகளின் பழுதைவிட மனிதர் தொடர்பான குறைகளே பெரிது என்பது அதன் சாரம். தனிமனிதரைப் பழிசொல்வதோடு அது நிற்கவில்லை. விபத்தின் முதல் சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒருங்கே அலறின. முக்கியமானது எது, அற்பமானது எது என்று பிரித்தறிய வழியில்லை. எச்சரிக்கைகளை அச்சிடும் பொறி ஒரு கட்டத்தில் நிகழ்ச்சிகளுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. பயிற்சி போதவில்லை, நடைமுறை நூல்கள் குழப்பின.

பேசிக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிழையை மனிதனுக்குப் புரியும் சொல்லில் பொறி சொல்ல வேண்டும் என்று 1964-இல் அவர் வற்புறுத்தியது மாணவரின் வசதிக்காக. அதே குறை அணு உலையில் இருந்தபோது ஊரே உயிருக்கு அஞ்ச நேர்ந்தது. பொறியின் பேச்சு புரியாதபோது அதை இயக்குபவனை மட்டும் குற்றஞ்சொல்லக்கூடாது என்பதே இரண்டு நிகழ்ச்சிகளும் தரும் பாடம்.

நிறைவும் நினைவும்

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், தம் 66-ஆம் வயதில், இதயச் செயலிழப்பால் கெமனி காலமானார். உடன் உழைத்த கர்ட்ஸ் 96 வயது வரை வாழ்ந்து 2024-ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். பேசிக்கில் இன்று நிரல் எழுதுவோர் குறைவு. ஆனால் அம்மொழி எழுப்பிய கேள்வி மறையவில்லை. நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி லாஸ் அலமாஸின் எல்லாப் பொறிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. விசையை அழுத்தினால் அது பாட்டும் படமும் காட்டுகிறது. நீ எழுது என்று காத்திருப்பதில்லை. ஆற்றல் பெருகியது, அழைப்பு குறைந்தது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். நமக்கு வீட்டில் கணிப்பொறி இல்லை. கல்லூரியின் ஆய்வகமே நம் வீட்டுக் கணிப்பொறி. இன்று அது கணிப்பொறியியல் மாணவர்க்குச் செய்முறை வேளையில் மட்டுமே திறக்கிறது. பொருள்களைப் பாதுகாக்கும் பொறுப்பு ஆசிரியப் பெருமக்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேன். எனினும் ஒரு வேண்டுகோளைப் பணிவோடு முன்வைக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம், தமிழ் இலக்கியமும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்கும் அந்த அறை திறக்கட்டும். உடனிருந்து கற்றுத்தரவும், அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கவும் கணிதத் துறை மாணவர் சிலர் முன்வந்திருக்கிறோம். மாணவரை நம்பி ஒப்படைத்த ஒரு சிற்றூர்க் கல்லூரியில் என்ன விளைந்தது என்பதை மேலே கண்டோம். நம் கல்லூரியிலும் விளையும் என்று நம்புகிறேன்.